இருபத்து நான்கில் ஒரு பங்கு

வண்டியைக் கண்டதும் முத்துராமலிங்கம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கவாதம் வந்த பிறகு அவரால் முடிந்தது அவ்வளவுதான். முகத்தைத் திருப்பலாம், இடது கையைக் கொஞ்சம் தூக்கலாம்.

கட்டிலருகே நின்ற மகள் சிவரஞ்சனியின் உள்ளங்கையில் இருந்தது அந்த இளம்பச்சை பியட் கார். நிஜ வண்டியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. மேல்கூடு இன்னும் ஒட்டவில்லை. ஒட்டிவிட்டால் உள்ளே எதையும் திருத்த முடியாது என்பதால் அப்பாவிடம் முதலில் காட்ட வந்திருந்தாள்.

“நம்ம வண்டிதான்ப்பா. செத்த நேரம் பாருங்களேன்.”

அவர் திரும்பவில்லை.

நாலு மாத வேலை. கிருஷ்ணன்கோவில் காலேஜில் லேப் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், முகம் கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவாள். ஆன்லைனில் வந்த பெட்டிக்குள் இருந்தவை வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகள். பச்சையைக் குழைத்துப் பூசினாள். பின்சீட்டுக் கிழிசலை ஊசியால் கீறினாள். பம்பரின் துருவைப் பஞ்சில் தொட்டு ஒற்றினாள். அப்பாவிடம் சொல்ல அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. வாயால் வராததால் கை வேலை செய்துகொண்டிருந்தது. இனி தள்ளிப்போட நாளில்லை என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன், அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடந்த ஒரு நாள். அப்பாவும் அம்மாவும் தம்பி கௌதம்ராஜைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். ராஜபாளையம் திரும்பும் வழியில் வண்டி புளியமரத்தில் மோதியது. நாலு வயதுத் தம்பி அங்கேயே போய்விட்டான். அம்மாவுக்கு நெஞ்சில் விலா எலும்பு மூன்று முறிந்தது. அப்பாவுக்கு நெற்றியில் ஒரு கீறல்.

அந்தக் கீறலைத்தான் பத்து வயதுச் சிவரஞ்சனியால் தாங்க முடியவில்லை. ஓட்டினவருக்கு வெறும் கீறல்.

கோர்ட்டில் அப்பா “நான்தான் ஓட்டினேன்” என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவருடைய சொந்தத் தங்கையே ஒரு விசேஷ வீட்டில், “பெத்த பிள்ளையக் கொன்னுட்டு எப்படித்தான் சோறு எறங்குதோ” என்றாள். சோற்றைப் பிசைந்தபடியே அதையும் கேட்டுக்கொண்டார், பட்டாளத்தில் இருந்த மனுஷன். சிவரஞ்சனியும் அவரிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை. ‘சாப்பிட்டாச்சா’, ‘பஸ் வந்துருச்சு’, அவ்வளவுதான்.

இப்போது அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அப்பா, எனக்கு உங்க மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. எல்லாத்தையும் விட்டுட்டேன். நீங்களும் விட்டுருங்க.”

சுவரைப் பார்த்தபடியே அவருடைய இடது கை மெல்ல ஊர்ந்து வந்தது. அவள் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டியது, சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தவளைத் தட்டியது போல.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. எழுந்துபோய், ஜன்னலோர மேசையில் வண்டியை வைத்தாள்.

கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றிருந்த அம்மா முனீஸ்வரி எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“கொண்டா, பாப்போம். பொம்மைக் காருக்கு நாலு மாசம். ஒன்னைய யாராச்சும் கட்டிக்கிட்டுப் போயிருந்தா அந்தப் பய பாடு பெரும்பாடுதான்.”

“கேலி பண்ணாம சொல்லும்மா. எல்லாம் சரியா இருக்கா?”

“பச்சை அதே பச்சைதான். பின்னால கிழிசல் கூட இருக்கே.” விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. “ஓட்டுற சீட்டுத்தான் சரியில்ல. முன்னால வரணும்.”

“இல்லம்மா. அப்பா ஆறடிக்கு மேல. கடைசி வரைக்கும் பின்னால தள்ளித்தான் போட்டிருப்பாக. பின்சீட்டுல இருந்தா எனக்கு முட்டி இடிக்கும்.”

“அன்னைக்கு முன்னாலதான் இருந்துச்சு.”

அம்மா அந்த நாளைப் பற்றிப் பேசுவது இதுதான் முதல் தடவை. சிவரஞ்சனி பிளேடை எடுத்தாள். காலையில் ஒட்டிய சீட்டு, நெம்பியதும் வந்துவிட்டது. முன்னால் நகர்த்தினாள்.

“இம்புட்டுப் போதுமா?”

“இன்னும்.”

“ஸ்டியரிங்ல முட்டிரும்மா.”

“இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்.”

ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நகம் நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது.

“ஏம்மா, இதுக்குள்ள அப்பா எப்படி உக்காந்திருப்பாக?”

முனீஸ்வரி கட்டிலைப் பார்த்தாள். சிவரஞ்சனியும் பார்த்தாள். அப்பாவின் முகம் இப்போது அவர்கள் பக்கம் இருந்தது. அம்மாவையே பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

“எனக்குக் கிளட்ச் எட்டணும்லடி.”