குறுக்கே நிற்கும் வேன்

“முட்டாள்! சுத்த முட்டாள்!”

பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் கணினித் திரையைப் பார்த்துக் கத்தினார் யுகேந்திரன். சாலைப் போக்குவரத்து ஆலோசகர்.

சென்னையிலிருந்து வந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஷபானா எட்டிப் பார்த்தாள்.

“யாரைத் திட்டுறீங்க சார்?”

“இந்த நீல வேன்காரனைத்தான்.”

திரையில் இரண்டு படங்கள். ஒன்று, யுகேந்திரன் கணினியில் உருவாக்கிய சாலை. சாலை முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருந்தார். ஒரு கட்டத்துக்கு ஒரு கார். முன்னால் கட்டம் காலியாக இருந்தால் கார் நகரும், இல்லையென்றால் நிற்கும். அங்கே எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மற்றது நிஜச் சாலை. கிள்ளானைத் தாண்டி, பந்திங் போகும் வழியில் பிரியும் கிளைச் சாலை. கேமராவில் பதிவானது. நடுரோட்டில் ஒரு நீல வேன் இரண்டு பக்கமும் மறித்துக்கொண்டு குறுக்கே நின்றது. வேனுக்கு அப்பால் நடப்பது எதுவும் படத்தில் தெரியவில்லை.

“தினம் சாயங்காலம் இதே இடத்துல நிறுத்துறான். கொஞ்ச நேரம்தான். ஆனா பின்னாடி வர்றவன் பிரேக் போடுறான், அவனுக்குப் பின்னாடி வர்றவன் இன்னும் பலமா போடுறான். வேன் போயிடுது, டிராஃபிக் ஜேம் மட்டும் பின்னாடியே நகர்ந்து டவுன் வரைக்கும் போயிடுது.”

“ஏன் நிறுத்துறாங்கன்னு கேட்டுப் பார்த்தோமா சார்?”

“கேக்க என்ன இருக்கு? போன் வந்திருக்கும். இல்லன்னா பீசாங் கோரெங், அதான் வாழைப்பழ பஜ்ஜி, வாங்க நிறுத்தியிருப்பான். நம்ம ஜனங்களுக்கு மூளையே கிடையாது லா. போன வருஷம் நான் சொன்னபடிதான் ரோட்டைத் திருத்தினாங்க. கம்ப்யூட்டர்ல அழகா ஓடுது. அங்க ஓடல. எல்லாம் இந்த மாதிரி ஆளுங்களாலதான்!”

அடுத்த வாரம் ஒரு மாநாட்டில், இந்தச் சாலையைத்தான் தன் சாதனையாகக் காட்டப்போகிறார். அந்த எரிச்சல் வேறு.

“வாம்மா, இன்னைக்கு நேர்லயே போய்ப் பிடிப்போம். வீடியோ எடுத்துப் போலீஸ்ல குடுத்தா, லைசென்ஸ் பறந்துடும்.”

வழி நெடுக யுகேந்திரனின் வாய் ஓயவில்லை. சிக்னல் போடாமல் திரும்பியவன், மெதுவாகப் போன லோரிக்காரன், மோட்டார் சைக்கிளில் குறுக்கே புகுந்தவன் என்று ஒருவரையும் விடவில்லை.

இடத்துக்கு வந்து காரை ஓரங்கட்டினார்கள். சற்று நேரத்தில் அதே நீல வேன் வந்தது. எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு குறுக்கே நின்றது. இருபுறமும் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது.

யுகேந்திரன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி வேனை நெருங்கினார். ஓட்டுநர் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்.

“பொம்பளையா! அதானே பார்த்தேன். ஏம்மா, ரோடு என்ன உங்க வீட்டுச் சொத்தா?”

“கொஞ்சம் பொறுங்கண்ணே. ஆளுங்க வர்றாங்க.”

அவள் கண் எதிர்ப்புறமே இருந்தது. அங்கே ஒரு தொழிற்சாலை பஸ் ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பியது. களைத்த முகங்களோடு பெண்கள் சாலையைக் கடந்து இந்தப் பக்க அடுக்குமாடி வீடுகளை நோக்கி நடந்தார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி. கடைசியாக, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி ஓர் இளம்பெண்.

“மெதுவா வா சுமையா. ஹார்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும்!” என்று குரல் கொடுத்தாள் வேன்காரி.

சுமையா சிரித்தபடி கடந்து போனாள்.

“தினம் இதுக்காகவா நிறுத்துறீங்க அக்கா?” என்று கேட்டாள் ஷபானா.

“வேற எதுக்கு? இங்க ஆள் கடக்க ஒரு சிக்னல் லைட் இருந்துச்சு. போன வருஷம் பிடுங்கிட்டாங்க. அப்புறம்தான் இந்தப் பொண்ணு அடிபட்டா. நடுரோட்டுல கிடந்தவளை நான்தான் இந்த வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அதுலருந்து பஸ் வர்ற நேரத்துக்கு வந்து நின்னுடுவேன்.”

“லைட்டை ஏன் எடுத்தாங்க?”

“எவனோ ஒரு படிச்ச மேதாவி, கம்ப்யூட்டர்ல கார் விட்டுப் பார்த்தானாம். லைட்டை எடுத்துட்டா ஜேமே இருக்காதுன்னு எழுதிக் குடுத்துட்டானாம். கார் விட்டுப் பார்த்தான், சரி. ஒரு மனுஷியை நடக்க விட்டுப் பார்த்தானா? அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!”

ஷபானா மெல்லத் திரும்பி யுகேந்திரனைப் பார்த்தாள். அவர் கைப்பேசி எப்போதோ கீழே இறங்கியிருந்தது.

வேனை நேராகத் திருப்பியவள், சன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“ஆமா, வீடியோ எல்லாம் எடுத்தீங்களே, நீங்க எந்த ஆபீஸ்ணே?”

கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையை அவசரமாகச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார் யுகேந்திரன்.

“ஆபீஸா? நாங்க… சும்மா, வாடகைக்கு வீடு பார்க்க வந்தோம் லா.”