போர்வைக்குப் பின்னால் இரண்டு கேபிள்

ஞாயிறு மதியம், சாம் சுயி போவில் எங்கள் வீட்டில், என் கணவர் விங்-சியூவின் காதுக்குப் பரீட்சை வைத்தோம். நடைபாதைக் கடையில் பதினைந்து டாலருக்கு வாங்கிய கேபிள் ஒன்று. அவர் வெல்வெட் பெட்டியில் வைத்துப் பூஜிக்கிற கேபிள் இன்னொன்று. பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் போர்வையால் மறைத்து, பின்னால் உட்கார்ந்து நான் மாற்றி மாற்றிச் செருகினேன்; எது எந்தக் கேபிள் என்று அவர் கேட்டே சொல்ல வேண்டும். அவர் தோற்றால் கேபிள் அலமாரி என் செருப்புகளுக்கு.

"இது பெட்டிக் கேபிள். பாடுறவ மூச்சு விடுறதுகூடக் கேக்குது," என்றார்.

"தப்பு. நடைபாதை," என்றேன்.

"அண்ணி, செருப்பை எல்லாம் எடுத்து வைங்க," என்றான் அவருடைய நண்பன் ஹோங்.

ஏழாவது சுற்றுக்கு முன் இரண்டு கேபிளையும் கழற்றிவிட்டு முட்டை டார்ட் ஒன்றைத் தின்றேன். ஹோங் ரிமோட்டை அழுத்தினான். பாட்டு வந்தது.

விங்-சியூ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதான். இப்படி நான் கேட்டதே இல்ல. எந்தக் கேபிள்டி?"

போர்வையை விலக்கினேன். இரண்டும் என் மடியில் கிடந்தன. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஹோங் நான்கு முனைகளையும் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப அலமாரி?" என்று கேட்டார் விங்-சியூ.

"எனக்குத்தான்," என்றேன்.

இப்போது அதில் பதினோரு ஜோடி இருக்கிறது. பிளேயருக்குப் பின்னால் கேபிள் எதுவும் இல்லை. அந்த இடத்தில் கோழி இறகுத் துடைப்பத்தால் தூசி தட்டும்போது மட்டும், கிச்சுகிச்சு மூட்டியதுபோல் பாடகி சிரித்துவிட்டு, விட்ட வரியிலிருந்து பாடுகிறாள்.