எட்டாத ஹேண்டில்பார்

“ஹேண்டில்பார் எட்டவே மாட்டேங்குதுண்ணே. கொஞ்ச தூரம் போனாலே கழுத்து பிடிச்சுக்குது.”

பந்தயம் தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. பழுதுபார்க்கும் கூடாரத்தில் மெக்கானிக் அவளைப் புது சைக்கிளில் உட்காரவைத்துப் பார்த்தார்.

“ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற இந்த ஸ்டெம் உங்களுக்கு நீளம்மா. உங்க ஓரகத்திகிட்ட முன்னாடியே காட்டியிருக்கலாமே. வருஷா வருஷம் ஜெயிக்கிறவங்க.”

“அவங்க எனக்கு முகங்கொடுத்தே பேச மாட்டாங்கண்ணே.”

“குட்டையா ஒண்ணு மாட்டினா சரியாயிடும். என்கிட்ட இல்லையே.”

அவள் முகம் வாடியது. “இருங்க” என்று கூடாரத்துக்குப் பின்னால் போனவர், ஒரு குட்டை ஸ்டெம்மோடு வந்து மாட்டிவிட்டார்.

அவள் மூன்றாவதாக வந்தாள். பதக்கத்தோடு நேராக அவரிடம்தான் வந்தாள்.

“உங்க புண்ணியம்ணே. எங்க ஓரகத்தி வரிசையிலேயே நிக்கல, பாத்தீங்களா? நான் முந்திடுவேன்னு பயம் போல.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்லக் கூடாதுன்னாங்க. இதைக் கேட்டுட்டு சும்மா இருக்க முடியல. பின்னாடி போய்ப் பாருங்க.”

கூடாரத்துக்குப் பின்னால் பந்தய உடையோடு ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய சைக்கிள். ஸ்டெம் இருந்த இடம் காலியாக இருக்க, ஹேண்டில்பார் பிரேக் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏன்க்கா?”

“எனக்கு அடுத்த வருஷம் இருக்கு. நீ முதல் தடவையே பாதியில இறங்கிட்டா, அப்புறம் சைக்கிளைத் தொடவே மாட்டே.”

இளையவள் தன் கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றி, தொங்கிய ஹேண்டில்பாரில் மாட்டினாள்.