நாற்பத்திரண்டு ஓட்டு

மெல்பர்னுக்கு மேற்கே ஃபுட்ஸ்க்ரே என்றொரு ஊர். அந்த ஊரிலே எபோ என்றொரு டைரக்டர் இருந்தான். அவனை டைரக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம், மண்டபத்து வாசலில் நின்று, பஸ்ஸிலிருந்து இறங்குகிற சொந்தக்காரர்களை எண்ணிக்கொண்டிருந்தான். அம்மாவையும் சேர்த்து நாற்பத்திரண்டு தலை. எல்லாரும் கானா நாட்டுக்காரர்கள், எல்லாரும் ஒரே சர்ச்.

"மறுபடியும் சொல்றேன். ரெண்டு படம் ஓடும், ரெண்டு பெட்டி இருக்கும். என் பேர் எழுதினது இடது பக்கம். சீட்டை அதுல போடணும். புரிஞ்சுதா, அட்டா மாமா?"

"நாலாவது தடவை சொல்றே. என் கல்யாணத்துக்கே நான் இத்தனை ஒத்திகை பார்க்கலைடா."

உலகமெங்கும் சிதறி வாழும் கறுப்பின மக்கள் கைக்காசைப் போட்டு எடுத்த படங்களுக்கான விழா அது. அன்றைக்குக் கடைசிச் சுற்று. பார்க்க வந்தவர்கள் ஓட்டில் ஜெயிக்கிறவருக்கு, அடுத்த படம் எடுக்கக் கேமராவும் ஆட்களும் கிடைக்கும்.

எபோவின் அம்மா எஸி இருபது வருஷமாக நர்ஸ். கறாராகச் சொல்லியிருந்தாள்: "ஜெயிச்சா இன்னும் ஒரு வருஷம் படம் எடு. தோத்தா பிப்ரவரியில நர்சிங் படிப்பு. பேச்சு மாறக்கூடாது."

எபோ கலையை மட்டுமே நம்புகிறவன். பஸ் சும்மா ஒரு பாதுகாப்புக்கு.

முதலில் அவன் படம். பதினெட்டு நிமிடம், கறுப்பு வெள்ளை, வசனம் கிடையாது. அதில் ஏழு நிமிடம் ஒரு மூடிய கதவு.

படம் பார்த்தால் படத்தோடு பேசுகிற கூட்டம் அது.

"யாராவது அந்தக் கதவைத் தட்டுங்களேம்பா!" என்று கத்தினாள் அராபா அத்தை.

"உள்ளே ஆளில்லை போல. சாவியை எதிர் வீட்டுல கேளு!" இது அட்டா மாமா.

எபோ நாற்காலியில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தான்.

அடுத்தது ஒடெட் என்ற பெண்ணின் படம். ஹைட்டி நாட்டுக் குடும்பத்துப் பெண். நாட்டின் வடக்குக் கோடியிலுள்ள டார்வின் நகரத்திலிருந்து தனியாக வந்திருந்தாள். இறந்துபோன அப்பா அவள் போனில் விட்டுப்போன குரல் பதிவுகளை வைத்தே எடுத்திருந்தாள். அத்தைகள் வாயை மூடிக்கொண்டார்கள். மூக்கை மட்டும் உறிஞ்சினார்கள்.

படம் முடிந்து மேடையேறிய ஒடெட், "எனக்குன்னு யாரும் வரலை. நீங்களா பார்த்துக் கை தட்டினாத்தான் உண்டு" என்று சிரித்தாள்.

எல்லாரும் தட்டினார்கள். எபோவும் தட்டினான். தனக்குத்தான் எவ்வளவு பெருந்தன்மை என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவனுடைய ஆட்களைத் தவிர அந்தக் காட்சிக்கு வேறு ஈ, காக்கை வரவில்லை. படம் எடுத்த இருவருக்கும் சேர்த்து மொத்தம் நாற்பத்திநாலு சீட்டு. பெட்டிகள் திரைக்குப் பின்னால் இருந்தன; ஒவ்வொருவராக உள்ளே போய் மடித்துப் போட்டார்கள்.

விழா நடத்துகிற அம்மாள் இரண்டு தடவை எண்ணிவிட்டு அறிவித்தாள்.

"ஒடெட், நாற்பத்திமூன்று. எபோ, ஒன்று."

வெற்றி விருந்துக்காகச் சோற்றுப் பாத்திரங்கள் பஸ்ஸுக்குள்ளே மணத்துக்கொண்டிருந்தன. எபோ படியில் ஏறி நின்று வழியை மறித்தான்.

"துரோகிங்களா! யாரு, யாரு? உண்மையைச் சொல்லுங்க!"

அராபா அத்தை இழுத்தாள். "இத்தனை பேர் உனக்குப் போடறாங்களே, என்னோட ஒண்ணு குறைஞ்சா என்ன ஆகிடும்னு..."

"அட, நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றார் அட்டா மாமா.

"நானும்."

"நானும்தான், தம்பி. தனியா வந்த பொண்ணை வெறும் பெட்டியோடவா அனுப்பறது?"

"அம்மா, நீயுமா?"

"அவளுக்கு அம்மா வரலையேடா," என்றாள் எஸி.

"மனசாட்சி இருக்கா உங்களுக்கு? சொந்த ரத்தத்துக்கு ஒரு ஓட்டுப் போட..."

அத்தை சட்டென்று விரலை நீட்டினாள். "இரு, இரு. நாங்க யாரும் போடலைன்னா அந்த ஒண்ணு யாரோடது?"

நாற்பத்திரண்டு தலைகளும் எபோ பக்கம் திரும்பின.

"உன் படத்துக்கு நீயே போட்டுக்கிட்டியாடா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல எபோ தயாராக இல்லை.

"ஆமா. நான்தான் போட்டேன். அதுக்கென்ன?"

பஸ்ஸே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். அட்டா மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, நன்றி சொல்ல ஒடெட் வந்து சேர்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் எபோவிடம். "கழிப்பறை வரிசையில நிக்கிறப்போ, நாலு அத்தைங்க தனித்தனியா வந்து, 'வெளியில சொல்லாதே, என் ஓட்டு உனக்குத்தான்'னு காதுல சொன்னாங்க. இப்படியே போனா உங்க கதி என்ன ஆகறதுன்னு பயமாயிடுச்சு. அதான் நான் உங்களுக்குப் போட்டேன்."

சிரிப்பு நின்றது.

நாற்பத்திரண்டு தலைகளும் மறுபடி எபோ பக்கம் திரும்பின. அந்த அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. எபோ தன் ஷூ முனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அராபா அத்தை ஒடெட்டின் கையைப் பிடித்துச் சாப்பிட இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவனைத் தாண்டி ஏறினார்கள். கடைசியாக அம்மா மட்டும் நின்றாள்.

"அப்போ உன் சீட்டும் அவளுக்குத்தான்."

"பாவமா இருந்துச்சும்மா."

எஸி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"உன் படம் எனக்குப் புரியலைடா. ஆனா தன் பொழைப்பே போனாலும் இன்னொருத்தர் கஷ்டத்தைப் பார்த்துக்கிட்டு உன்னால சும்மா இருக்க முடியலை பாரு, அதுதான் நர்சுக்கு முதல்ல வேணும். பிப்ரவரி ரெண்டாம் தேதி வகுப்பு. மறந்துடாதே," என்று சொல்லிவிட்டு, அம்மா படியேறி உள்ளே போனாள்.