இரண்டாவது துவக்கு

"ஊரிலை இருக்கிறது ஒரேயொரு துவக்கு. அது உங்கடை வீட்டிலை. இன்னொருத்தர் லைசன்ஸ் கேட்டால் மட்டும் குடுக்கக்கூடாதோ ஐயா?"

கிராம சேவகர் உதயகலாவின் கேள்வியில் மரியாதை ஓரளவுக்குத்தான் இருந்தது. ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம். அதற்குள் இப்படியொரு விசாரணை.

அவளது கந்தோர் மேசைக்கு முன்னால் இரண்டு தென்னந்தோட்டக்காரர்கள். ஒருவன், குரங்குகளைச் சுட்டு விரட்ட ஒரு துவக்குக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்த சிவகரன். மற்றவர், கொடுக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்த இராசநாயகம். இருவருக்கும் நடுவில் ஒரு வேலி. அந்த வேலி இப்போது சாவகச்சேரி நீதிமன்றத்தில் வழக்காக நின்றது.

"முந்தி உவர் வைக்கிற வெடிச்சத்தத்துக்கு என்ரை பக்கமும் குரங்கு வராது, பிள்ளை," என்றான் சிவகரன். "வேலிச் சண்டைக்குப் பிறகு வேணுமெண்டே வெடி வைக்கிறேல்லை. தன்ரை குரும்பை போனாலும் பரவாயில்லை, என்ரை போகவேணும்! இப்பிடியே போனால் தோட்டத்தை வித்துப்போட்டுப் போகவேண்டியதுதான். உவருக்கும் அதுதானே வேணும்."

"நான் உன்ரை தோட்டத்தைக் கேட்டனானோ?"

"வேலியை நகர்த்திக் கேட்டனீங்கள்தானே!"

"நகர்த்தினது ஆரெண்டு சாவகச்சேரிக் கோடு சொல்லும்."

உதயகலா மேசையில் தட்டினாள். "வேலியைக் கோட்டிலை கதையுங்கோ. இஞ்சை துவக்கைக் கதையுங்கோ. ஐயா, என்ன காரணத்துக்கு மறிக்கிறியள்?"

"சட்டம் பிழை, பிள்ளை."

"உங்களுக்குத் தரேக்கை சரியா இருந்த சட்டமோ?"

"அண்டைக்கும் பிழைதான். எத்தனை பரப்புக் காணி, எத்தனை தென்னை எண்டு உங்கடை படிவம் கேக்குது. ஆரோடை கோவம் எண்டு கேக்குதோ? லைசன்ஸ் வைச்சிருக்கிறவனை வருசாவருசம் கந்தோர் கந்தோரா அலைய விடுறியள். களவாய் வைச்சிருக்கிறவனிட்டை ஒரு கேள்வியும் இல்லை. அலைச்சலைக் குறையுங்கோ, கேள்வியைக் கூட்டுங்கோ. வீட்டுப் பொம்பிளையைத் தனியக் கூப்பிட்டு, இந்த மனுசன்ரை கையிலை துவக்குக் குடுக்கலாமோ எண்டு கேளுங்கோ. காணி வழக்கு இருக்கிற ஆக்களுக்கு அது முடியுமட்டும் குடுக்காதேங்கோ."

சிவகரன் சிரித்தான். "நல்ல சட்டம்! எனக்கெண்டே அளவெடுத்துத் தைச்சிருக்கிறார்."

உதயகலாவுக்கும் அப்படித்தான் பட்டது. சொந்தப் பகைக்குப் பொதுநலச் சட்டை மாட்டிக்கொண்டு வருபவர்களை அவள் நிறையவே பார்த்திருக்கிறாள். 'ஆட்சேபம் தனிப்பட்ட பகையால் எழுந்தது; ஏற்கத்தக்கதன்று' என்று அறிக்கையில் எழுதினாள். எழுதிய கையோடு கேட்டாள்:

"காணி வழக்கு உங்களுக்கும் இருக்குத்தானே, ஐயா? அப்ப உங்கடை துவக்கு?"

இராசநாயகம் சட்டைப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த பற்றுச்சீட்டு ஒன்றை எடுத்து வைத்தார். பொலிஸ் நிலையத்தில் துவக்கை ஒப்படைத்ததற்கான சீட்டு. மூன்று மாதத்துக்கு முந்திய திகதி.

"ஆர் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. அதைத்தானே பிழை எண்டுறன்."

அவர் சிவகரனின் பக்கம் திரும்பவில்லை.

"வேலியடியிலை சண்டை நடந்த அண்டைக்கு, இவன் கத்தக் கத்த நான் வீட்டுக்குள்ளை போனன். தண்ணி குடிக்கப் போகேல்லை, பிள்ளை. துவக்கிலை கை பட்டாப் பிறகுதான் புத்தி வந்தது. விடிஞ்சதும் கொண்டுபோய்க் குடுத்திட்டன். எனக்கு வந்த கோவம் இவனுக்கும் ஒருநாள் வரலாம்தானே. இவனுக்குப் பிள்ளையள் சின்னன்."



உதயகலா தான் எழுதிய வரியைக் குறுக்காக வெட்டினாள். வெட்டிய பிறகும் பேனை அதன்மேல் இரண்டு தரம் ஓடியது.

சிவகரன் எழுந்தான். மேசையில் கிடந்த தன் விண்ணப்பத்தை எடுத்து மடித்தான்.

"வழக்கை நான் விடமாட்டன், அண்ணை. சொல்லிப்போட்டன்."

"ஆர் உன்னை விடச் சொன்னது?"

"ஆனா நாளைக்கு விடியவே ஒரு தகரத்தோடை வேலியடிக்கு வாறன். நீங்களும் ஒண்டு கொண்டு வாங்கோ. கோடு தீர்ப்புச் சொல்லுமட்டும் ரெண்டுபேரும் சேர்ந்து தட்டிக் குரங்கைக் கலைப்பம்."