பதினேழாவது கேள்வி

"நாலே நாலு பட்டன்தான் பாப்பா. நீயே போட்டுக் காட்டு, பாக்கலாம்."

வாண்டுக்கு நாலு வயது. திறந்து கிடந்த ஸ்வெட்டரோடு இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, டீச்சர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. வாண்டு அசையவில்லை.

சேர்க்கைப் படிவத்தில் பதினேழாவது கேள்வி: 'குழந்தை தானே பொத்தான் போட்டுக்கொள்கிறதா?' டீச்சர் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"எழுத்து, எண் எல்லாம் கரைச்சுக் குடிச்சிருக்கா. ஆனா தன் வேலையைத் தானே செய்யாத பிள்ளையைப் பெரிய வகுப்புல சேர்க்க முடியாது சார். இன்னும் ஒரு வருஷம் சின்ன வகுப்புதான்."

எதிரே உட்கார்ந்திருந்த வாண்டின் அப்பா பஸ் டிரைவர். சின்ன வகுப்பு பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிடும். அவரோ மனைவியோ வேலையை விட வேண்டியதுதான்.

"டீச்சர், இவளுக்குப் போடத் தெரியும். ஆனா எங்க வீட்டுல யாரும் தன் பட்டனைத் தானே போட்டுக்க மாட்டோம்."

"நீங்களுமா?"

"நானும்தான். எனக்கு இவ போடுவா. இவ அம்மாவுக்கு நான். இவளுக்கு அம்மா. விடிஞ்சா ஆளுக்கொரு பக்கம் ஓடுறோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நிதானமா பாக்கிறது அந்த ஒரு நிமிஷம்தான்."

"நல்ல கூத்து! செல்லம் குடுத்துக் கெடுத்துட்டு, அதுக்கொரு கதை வேற. நான் பத்து வருஷமா தனியா இருக்கேன். எதுக்கும் யார் கையையும் எதிர்பார்த்ததில்ல."

கையெழுத்துப் போடக் குனிந்தார் டீச்சர். கழுத்தருகே ஏதோ இழுபட்டது.

வாண்டு பக்கத்து நாற்காலியில் ஏறி, டீச்சரின் ஸ்வெட்டர் பட்டன்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"மாத்திப் போட்டிருக்கீங்க டீச்சர்."

குனிந்து பார்த்தார். முதல் பட்டன் இரண்டாவது துளையில். காலையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. கூட்டத்தில் பத்து ஆசிரியர்கள், வாசலில் இருபது பெற்றோர். ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நாக்கைக் கடித்துக்கொண்டு ஐந்தையும் சரியாகப் போட்டாள் வாண்டு. தன் முகத்தருகே இன்னொரு முகம் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தார் டீச்சர். பெருக்கல் குறியை அடித்துவிட்டுச் சரி போட்டார்.

வாண்டு குதித்து இறங்கி, மறுபடி இரண்டு கையையும் விரித்தாள்.

"இப்பவாவது எனக்குப் போட்டு விடுங்க டீச்சர். எவ்வளவு நேரமா நிக்கிறேன்!"