சின்னப் பெட்டிக்கு ஒரு கார்டு

“என்ன வேலைக்குங்க மேடம் கார்டு?” என்று கேட்டார் கடைக்காரர்.

மருமகள் வாயைத் திறப்பதற்குள் பதில் மாமியாரிடமிருந்து வந்தது.

“மரச்சாமான் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே அலமாரி வரைஞ்சு குடுக்கிறா தம்பி. படம் திக்கித் திக்கி நின்னுடுதாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டா ஒண்ணு போட்டுக் குடுங்க.”

கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டரைக் கடைக்காரர் மேஜையில் படுக்கவைத்து மூடியைக் கழற்றினார். தடித்த அகராதி அளவுதான் இருக்கும் அந்தப் பெட்டி. கார்டு வாங்கக் கிளம்பியபோது, “நானும் வர்றேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டவர் மாமியார். பஸ்ஸிலும் பெட்டியை அவரே மடியில் வைத்துக்கொண்டார். “நீ உழைச்சுக் களைச்சிருக்கே, குடு” என்றார். மருமகள் வழி முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

களைப்பு நிஜம்தான். உழைப்புதான் பொய். அலமாரி வேலையெல்லாம் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து எதிராளியின் கோட்டையைப் பிடிக்கப் போய்விடுவாள். நாள் முழுக்க இழுப்பறையும் கைப்பிடியும் வரைகிறவளை யாராவது ‘சபாஷ்’ என்று சொல்கிற இடம் அது ஒன்றுதான்.

போன மாதம் அந்த ஆட்டத்தைப் புதுப்பித்ததிலிருந்து இந்தப் பழைய பெட்டியால் ஈடுகொடுக்க முடியவில்லை. எதிரி எதிரே வரும்போது பார்த்துப் படம் உறைந்துபோகும். அணித் தலைவர் பேசவே மாட்டார், எல்லாம் எழுத்தில்தான். ‘சனிக்கிழமை இறுதிப் போட்டி. அதற்குள் கார்டை மாற்று. இல்லையென்றால் வேறு ஆள் தேடிக்கொள்கிறேன்’ என்று கறாராக எழுதிவிட்டார். அதனால்தான் வீட்டில் வேலையைச் சாக்குச் சொல்லி இந்தக் கடைக்கு வந்திருக்கிறாள்.

“அலமாரி வரையறதுக்கு இப்ப இருக்கறதே தாராளம் மேடம்,” என்றார் கடைக்காரர். “கேம் ஆடறவங்கதான் பெரும்பாலும் கார்டு கேட்டு வருவாங்க.”

மருமகளுக்குக் காது மடல் சுட்டது.

“இவளுக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்?” என்றார் மாமியார். “உள்ளே போய் உட்கார்ந்தா ஆளுங்களை விரட்டி விரட்டி வேலை வாங்கறா. ‘இடது பக்கம் போ, பின்னாடி பாரு, விடாதே’ன்னு சத்தம் கூடம் வரைக்கும் கேக்குது. அலமாரி மாட்டறது லேசுப்பட்ட வேலையா?”

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிற சாக்கில் மேஜைக்குக் கீழே குனிந்தார். அவர் தோள் குலுங்கியது. எதற்குக் குலுங்குகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

நிமிர்ந்தவர் பெரிய கார்டு ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார். பாதிதான் உள்ளே போனது. “இதெல்லாம் ஆகாது. உங்க பெட்டிக்குப் பாதி உயரக் கார்டுதான். உள்ளே வர்ற கரண்டும் கம்மி, அதிகம் இழுக்காததா பார்க்கணும். ரெண்டே ரெண்டு இருக்கு. ஒரு ஃபேன் வச்சது உங்க அலமாரிக்குப் போதும். ரெண்டு ஃபேன் வச்சது...” என்று இழுத்தவர், மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அதுக்கு மேலயும் தாங்கும்,” என்று முடித்தார்.

“எது ஒசத்தியோ அதையே வாங்கிக்கோம்மா,” என்றார் மாமியார். “நீ படற பாட்டைப் பார்த்துத்தான் என் பிள்ளைகிட்ட, ‘அவளைத் தொந்தரவு பண்ணாதே, பாத்திரத்தை நீ தேய்’னு சொல்லிட்டேன். எனக்கு முட்டி வலி, சாப்பிட்டதும் டேப்லெட்டைத் தூக்கிட்டுப் போய்ப் படுத்துடறேன். பாவம், அவன்தான் தனியா தேய்க்கிறான்.”

கணவன் ஈரக் கையோடு பால் தம்ளரைக் கொண்டுவந்து, வேலை கெட்டுவிடுமே என்று சத்தமில்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போவது அவள் கண்முன் வந்தது. போதாக்குறைக்கு அந்த முகம் தெரியாத கூட்டத்திடம், “எங்க மாமியார் ஒரு நடமாடும் சிசிடிவி” என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். இன்னும் என்னென்னவோ திட்டியும் இருக்கிறாள். அந்த மாமியார்தான் வலிக்கிற முட்டியின் மேல் பெட்டியைச் சுமந்து வந்து, அவளுக்காக ஒசத்தியான கார்டு கேட்டுக்கொண்டு நிற்கிறார். தன்னை நினைத்தாலே அவளுக்குக் கூசியது. போட்டியும் வேண்டாம், சபாஷும் வேண்டாம் என்றாகிவிட்டது.

“ஒரு ஃபேன் இருக்கறதே போதுங்க,” என்றாள் கடைக்காரரிடம்.

“ஏம்மா?”

“அத்தை...” தலையைத் தூக்காமலே சொன்னாள். “நான் உள்ளே உட்கார்ந்து வேலை செய்யலை. கேம் ஆடறேன். இத்தனை நாளா உங்க ரெண்டு பேர்கிட்டயும் பொய்தான் சொல்லிட்டிருந்தேன். அதுக்காகத்தான் இந்தக் கார்டே. என்னை மன்னிச்சுடுங்க. இனிமே ஆட மாட்டேன்.”

கடைக்காரர் துடைத்த மேஜையையே சட்டென்று மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

மாமியார் கோபப்படவில்லை. ஒரு ஃபேன் கார்டைக் கடைக்காரர் பக்கம் தள்ளிவிட்டு, இன்னொன்றை மட்டும் தன் முன்னால் இழுத்து வைத்தார்.

“இதை மாட்டுங்க தம்பி. சனிக்கிழமை இறுதிப் போட்டியை வச்சுக்கிட்டு வேற ஆள் தேட எனக்கு நேரமில்லை,” என்றார். “அப்படியே நல்ல மைக்கா ஒண்ணும் குடுங்க, இவ என்னைத் திட்டறதுல பாதி எனக்குச் சரியாவே கேக்க மாட்டேங்குது.”